குளத்தில் போட்ட பீரங்கியும் கவர்னர் பறித்த ஈட்டியும்

போன ஆயுத பூஜை அன்று அக்கா பையன் டல்லாஸிலிருந்து போன் பண்ணினான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெரிந்தவர் வீட்டில் இருந்தேன். தறிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நாடாவையும் அச்சையும் துடைத்து வைத்து, பொரி கடலை படைத்திருந்தார்கள். வீடியோவில் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தான். "மாமா, இங்க எங்க ஊர்ல ஆயுதம்னா துப்பாக்கிதான். எலெக்‌ஷன் வந்தா கவர்னர் துப்பாக்கி விஷயத்துல என்ன சொல்றார்னுதான் முதல்ல கேப்பாங்க. உங்க கவர்னர் இதுல என்ன நிலைப்பாடு?" என்றான்.

நானும் சிரித்தேன். நம்மூரில் கவர்னருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? ராஜ்பவன் வாசலில் நிற்கும் போலீஸ்காரர் கையில் இருக்கிறதே, அவ்வளவுதான்! அவன் இருக்கும் டெக்சாஸில் நிலைமை வேறு. 2021-ல் அந்த மாநில கவர்னர் கிரெக் அபாட், லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துப்போகலாம் என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இங்கே ஆயுதம், துப்பாக்கி, வெடிமருந்து எல்லாமே அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில் ஐந்தாவது இனம். அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம்தான் போட முடியும். மாநில கவர்னருக்கு அதில் வேலை கிடையாது.

போனை வைத்த பிறகு ஒன்று உறுத்தியது. இன்றைய கவர்னருக்குத்தான் வேலை இல்லை. ஒரு காலத்தில் சென்னையில் உட்கார்ந்திருந்த ஒரு கவர்னர், ஒரே ஒரு அறிவிப்பில் தென் தமிழ்நாடு முழுவதன் கையிலிருந்தும் ஆயுதத்தைப் பிடுங்கினாரே! அவர் பெயர் எட்வர்ட் கிளைவ். அவருக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஒரு குடும்பத் தொடர்பு உண்டு. அதைத் தேடிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

அப்பா கிளைவும் எங்கள் ஊரும்

பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊர் என்றுதான் காஞ்சிபுரத்தை எல்லோருக்கும் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டில் இது ஒரு போர்க்கள ஊர். சென்னைக்கும் ஆற்காட்டுக்கும் நடுவில் இருந்ததால் வந்த வினை. பெரிய மதில், உயரமான கோபுரம், உள்ளேயே குளம். ஒரு படைக்கு இதைவிட நல்ல கோட்டை எங்கே கிடைக்கும்? 1751-ல் கர்நாடகப் போர் நடந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் தரப்புப் படை காஞ்சிபுரம் கோயிலுக்குள் புகுந்து கொண்டது. ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவ், அந்த ஆண்டு டிசம்பரில் வந்து பீரங்கி வைத்து அதைப் பிடித்தார்.

அதே கிளைவ் வரதராஜப் பெருமாளுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் மகரகண்டி, 'கிளைவ் மகரகண்டி' என்ற பெயரிலேயே இன்றும் உற்சவத்தில் சாத்தப்படுகிறது. ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

1763-ல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகிராக விட்டுக்கொடுத்தார். காஞ்சிபுரமும் அதோடு போனது. ஆனால் போர் விடவில்லை. 1780 செப்டம்பர் 10 அன்று இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். அப்போது காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு இருந்தவர் ஹெக்டர் மன்றோ. சேதி வந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? இழுத்துக்கொண்டு ஓட முடியாத கனமான பீரங்கிகளை ஊரின் பெரிய குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

இந்தக் குளத்துப் பீரங்கி விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆயுதம் எதிரி கைக்குப் போய்விடக் கூடாது என்ற பயம்தான் அதில் தெரிகிறது. இருபத்தொரு வருஷம் கழித்து மகன் கிளைவ் போட்ட அறிவிப்பிலும் இதே பயம்தான். ஆனால் அந்தத் தடவை எதிரி என்று நினைத்தது இன்னொரு ராஜாவின் படையை அல்ல, குடிமக்களை.

மகன் கிளைவ் வருகிறார்

எட்வர்ட் கிளைவ் 1798-ல் சென்னை கவர்னராக வந்தார். 1803 வரை இருந்தார். அப்பா அளவுக்கு அவருக்குப் பெயர் இல்லை. ஆனால் ஒரு கட்டடத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எம்.ஜி.ஆருக்கும் ஜெயலலிதாவுக்கும் அஞ்சலி செலுத்த ஊரே திரண்டதே, ராஜாஜி ஹால்! அது இவர் கட்டியதுதான். பிளாசி வெற்றிக்கும் ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்கும் நினைவாக எழுப்பிய விருந்து மண்டபம், 1802-ல் முடிந்தது. அந்த மண்டபத்தின் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் தெற்கே பாளையக்காரர் போர்.

பாளையக்காரர் ஏற்பாடு மதுரை நாயக்கர் காலத்தில் உருவானது. ஒவ்வொரு பாளையக்காரரும் ஒரு பகுதியை ஆள்வார், ராஜா கூப்பிட்டால் படையோடு போவார், தன் பகுதியில் காவல் பார்ப்பார். காவலுக்கு ஊரார் கூலி கொடுக்க வேண்டும். ஊர்க் காவலுக்கு 'ஸ்தல காவல்', பரந்த பகுதிக்கான காவலுக்கு 'தேச காவல்' என்று பெயர். ஆக, அங்கே ஆயுதம் என்பது பொழுதுபோக்கு இல்லை. பிழைப்பு, பதவி, மரியாதை எல்லாமே அதில் அடங்கியிருந்தது.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். படையை நடத்திய மேஜர் பானர்மேன், மற்ற பாளையக்காரர்களைக் கூட்டி, கோட்டைகளை இடிக்கச் சொன்னார், ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார். அது முதல் முயற்சி. பலிக்கவில்லை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் திரும்ப எழுந்தது. ஒப்படைத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஆயுதங்களும் எங்கிருந்தோ வெளியே வந்தன. மே 24 அன்றுதான் கம்பெனியால் அந்தக் கோட்டையைப் பிடிக்க முடிந்தது.

அங்கிருந்து போர் சிவகங்கைக்குப் போனது. 1801 ஜூன் 16 அன்று சின்ன மருது பெயரில் வெளியான அறிக்கை திருச்சிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லா வருணத்தாரும், எல்லா மதத்தாரும் ஆயுதம் எடுத்துக் கம்பெனியை எதிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16 அன்று ஊமைத்துரை.

இரண்டே வாரம். 1801 டிசம்பர் 1 அன்று கவர்னரின் அறிவிப்பு வந்தது.

அந்த அறிவிப்பு என்ன சொன்னது?

தென் சீமைப் பாளையக்காரர்கள், சேர்வைக்காரர்கள், குடிகள் எல்லோரையும் பார்த்துப் பேசுகிறது அது. சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஒன்று, கலகத்துக்குக் காரணம் ஆயுதம் வைத்திருக்கும் பழக்கம்தான். எனவே தாக்குவதற்குப் பயன்படும் ஆயுதம் எதையும் இனி யாரும் வைத்திருக்கக் கூடாது, ஒப்படைத்துவிட வேண்டும். அரசு அனுமதித்தவை மட்டும் விலக்கு.

இரண்டு, பாளையக்காரர்கள் இனி படை உதவி செய்ய வேண்டாம். அதற்குப் பதில் பணமாகக் கப்பம் கட்டினால் போதும்.

மூன்று, ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களுக்குச் சொத்துப் பாதுகாப்பு. நிலையான கிஸ்தியைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் கவர்னரின் கணக்கு புரியும். வெறுமனே 'ஆயுதத்தைக் கொடு' என்று சொன்னால் 1799-ல் நடந்ததுதான் திரும்ப நடக்கும். அதனால் ஆயுதத்துக்கு இருந்த காரணத்தையே எடுத்துவிட்டார். படை உதவி இல்லை என்றால் படை வைக்கத் தேவையில்லை. படை இல்லை என்றால் பாளையக்காரர் ஜமீன்தார்தான், அதாவது வரி வாங்கிக் கட்டும் ஆள். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் அதுவே நடந்தது. போரில் பிடிபட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் 1802 பிப்ரவரியில் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

போனது துப்பாக்கி மட்டும் இல்லை. ஈட்டி போனது, வளரி போனது. வளரி என்பது வளைந்த எறிதடி. மரத்தில் செய்தது, இரும்பிலும் தந்தத்திலும்கூட உண்டு. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1795-ல் நண்பராகப் பழகியவர், 1801-ல் அதே சின்ன மருதுவுக்கு எதிரான படையில் போனார். தன் ஆசானைப் போல இருந்த ஒருவரை வேட்டையாடிய வருத்தம் அந்த எழுத்தில் தெரிகிறது. இப்போது வளரியைப் பார்க்க வேண்டுமானால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ புதுக்கோட்டைக்கோ போக வேண்டும்.

நியாயம் யார் பக்கம்?

இங்கே கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். நாம் வழக்கமாக இந்தக் கதையை ஒரே பக்கத்திலிருந்து சொல்கிறோம். வெள்ளைக்காரன் வந்தான், ஆயுதத்தைப் பறித்தான், வீரம் போயிற்று. கவர்னரிடம் கேட்டிருந்தால், அமைதி வந்தது என்று சொல்லியிருப்பார்.

அந்தச் சீமையில் இருந்த ஒரு சாதாரண உழவனையோ நெசவாளியையோ கேட்டிருந்தால்? காவல் கூலி கொடுத்தால் காவல், கொடுக்காவிட்டால் களவு என்ற நிலை பல ஊர்களில் இருந்தது. பாளையங்களுக்கு இடையில் சண்டை வந்தால் விளைச்சல் போகும், மாடு போகும். அந்த ஈட்டியைப் பார்த்துப் பயந்தவர்களும் தமிழர்கள்தான். ஆயுதம் போனதில் அவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். இதை மறைப்பது நேர்மை ஆகாது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பாளையக்காரரிடம் இருந்த ஆயுதம் போய், எல்லா ஆயுதமும் கம்பெனி ஒருவரிடமே சேர்ந்தது. பாளையக்காரன் அநியாயம் செய்தால் பக்கத்துப் பாளையத்துக்கு ஓடிப்போகலாம். கம்பெனி கிஸ்தியை ஏற்றினால் எங்கே ஓடுவது? பழைய காவலையும் எடுத்தாயிற்று, அந்த இடத்தில் புதிய காவல் உடனே வந்துவிடவில்லை. 1816-ல்தான் கிராமத் தலைவருக்கும் தலையாரிக்கும் போலீஸ் வேலை கொடுக்கும் ஒழுங்குமுறை வந்தது. மாவட்டப் போலீஸ் சட்டம் 1859-ல்தான். ஆயுதத்தை வாங்கிக்கொண்ட அரசு, 'உன்னை நான் பாதுகாக்கிறேன்' என்ற அடுத்த பாதியை நிறைவேற்ற இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது. எட்வர்ட் கிளைவின் அறிவிப்பில் எனக்குப் படும் பெரிய ஓட்டை இதுதான்.

இன்னொரு சுவாரசியம். அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் இரண்டாம் திருத்தம் நிறைவேறியது 1791 டிசம்பரில். சரியாகப் பத்து வருஷம் கழித்து, இன்னொரு டிசம்பரில், இங்கே இந்த அறிவிப்பு. ஒரே இங்கிலாந்தின் பிடியிலிருந்து ஒரு நாடு விலகிய காலம், இன்னொரு நாடு உள்ளே மாட்டிய காலம். அக்கா பையன் ஊரில் கவர்னர்கள் இன்றும் அந்த 1791-ஐச் சுற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு 1801 மறந்தே போய்விட்டது.

தெற்கிலிருந்து நாடு முழுக்க

1801 அறிவிப்பு தென் சீமைக்குத்தான். காஞ்சிபுரத்தை அது தொடவில்லை. எங்கள் ஊருக்குச் சட்டம் வந்தது 1857 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு. 1857-ல் ஒரு சட்டம், 1860-ல் ஒரு சட்டம், கடைசியில் 1878-ல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம். துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும். வாள், ஈட்டி, வில் அம்பு எதுவானாலும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடமாட லைசென்ஸ் வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு!

அதே 1878-ல் லிட்டன் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தையும் கொண்டுவந்தார். அதிலிருந்து சென்னை மாகாணத்துக்கு விலக்குக் கிடைத்தது. ஆயுதச் சட்டத்திலிருந்து கிடைக்கவில்லை. அடுத்து வந்த ரிப்பன் காலத்தில் பத்திரிகைச் சட்டம் ரத்தானது, ஆயுதச் சட்டம் அப்படியே நின்றது. பேனாவைக்கூடத் திருப்பிக் கொடுத்தார்கள், ஈட்டியைக் கொடுக்க மனம் வரவில்லை.

குடகர்களுக்கு மட்டும் ஒரு சலுகை. 1861-ல் கமிஷனர் மார்க் கப்பன், அவர்களுடைய விசுவாசத்தைப் பாராட்டி ஆயுதப் பறிப்பிலிருந்து விலக்குக் கொடுத்தார். அந்த விலக்கு வேறு வடிவில் இன்றும் தொடர்கிறது. 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆக, கேள்வி எப்போதுமே 'ஆயுதம் ஆபத்தா?' என்பது இல்லை. 'இந்த ஆளை நம்பலாமா?' என்பதுதான்.

இந்த அவமானம் படித்தவர்களுக்கு உறைத்தது. 1887 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாடு, ஆயுதச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அகிம்சை பேசிய காந்தியே, முதல் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது, ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய அந்தச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிக மோசமான செயல் என்று துண்டறிக்கையில் எழுதினார். 1931 கராச்சி காங்கிரஸ், கட்டுப்பாடுகளோடு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது.

சுதந்திரம் வந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத், அந்த உரிமையை அரசியலமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. பிரிவினை ரத்தம் காயாத நேரம், காந்தி சுடப்பட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தச் சபையில் நான் இருந்திருந்தால் நானும் அம்பேத்கர் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன்.

1959-ல் நம் சொந்த ஆயுதச் சட்டம் வந்தது. துப்பாக்கி வேறு, மற்ற ஆயுதங்கள் வேறு என்று பிரித்தது. வாள், ஈட்டி போன்றவற்றுக்கு அரசு அறிவித்த பகுதிகளில் மட்டும்தான் லைசென்ஸ். வெள்ளைக்காரர்களுக்கு என்று தனி விலக்கு இல்லை. 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. லைசென்ஸ் வேண்டுமானால் மாவட்டங்களில் கலெக்டரிடம் மனு போட வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. 'அரசு அனுமதித்தவை மட்டும் விலக்கு' என்ற 1801 வாசகத்தின் நிழல் இன்னும் அங்கே நிற்கிறது. ஒரே வித்தியாசம், இன்று அந்தச் சட்டத்தைப் போட்டவர்களை நாம் ஓட்டுப் போட்டு மாற்றலாம். அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

கடைசியாகத் தறிக்கு

மறுபடி பிள்ளையார்பாளையம். காஞ்சிபுரத்து நெசவாளர்களில் பெரும்பகுதி கைக்கோளர், இன்று செங்குந்தர். குந்தம் என்றால் ஈட்டி. சோழர் கல்வெட்டுகளில் 'தெரிஞ்ச கைக்கோளர்' என்ற படைப்பிரிவுகள் வருகின்றன. படையில் இருந்த கைக்கோளரும் தறியில் இருந்த கைக்கோளரும் ஒரே கூட்டமா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் நினைவு அறுபடவில்லை. விஜயநகரக் காலத்தில் காஞ்சிபுரம் கைக்கோளர் போராடிப் பெற்றிருந்த மரியாதை பல்லக்கும் சங்கும். அதற்குள் ஈட்டி பெயரில் மட்டும் தங்கிவிட்டது. அவர்களிடமிருந்து எந்தக் கவர்னரும் பறிக்கவில்லை, காலம் மெல்ல மாற்றிக்கொண்டது. கட்டளையால் போனதும் தானாகக் கைமாறியதும் ஒன்றில்லை. முதலாவது காயமாக நிற்கிறது, இரண்டாவது பெயராக நிற்கிறது.

இதையெல்லாம் அக்கா பையனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: "மாமா, அப்போ ஆயுதத்தைக் கொடுத்தது சரியா தப்பா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொடுத்தது தப்பில்லை. யாரிடம் கொடுத்தோம், பதிலுக்கு என்ன கிடைத்தது என்று கேட்காமல் விட்டால் அதுதான் தப்பு. 1801-ல் கேட்க முடியவில்லை, கேட்டவர்கள் பினாங்கில் இருந்தார்கள். இன்று கேட்க முடியும்.

அவன் ஒரு தறிப் படம் கேட்டான். நாடாவில் குங்குமம் வைத்த படத்தை அனுப்பினேன்.